தலைமாட்டில் நிற்பவர்கள்

இதய அறுவை சிகிச்சையின் வரலாறு பெரும்பாலும் நெஞ்சுப் பக்கம் நின்றவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. தலைமாட்டில் நின்ற மயக்க மருத்துவரைப் பற்றி அதில் கொஞ்சம் இருக்கும். அந்த மருத்துவருக்கும் ஓரடி பின்னால் நின்றவர்களைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. நான் இருபத்திரண்டு வருடம் அந்த ஓரடி பின்னால் நின்றவன். சென்னையில் ஒரு மருத்துவமனையின் இதய அறுவை அரங்கில் அனஸ்தீசியா டெக்னீஷியன்.

சொந்த ஊர் கனகம்மாசத்திரம். திருவள்ளூர் தாண்டி, திருத்தணி போகிற வழியில், திருப்பதி ரோட்டின் மேலேயே இருக்கிற ஊர். பெயரைக் கேட்டாலே தெரிகிறது, யாரோ ஒரு கனகம்மா வழிப்போக்கர்களுக்குச் சத்திரம் வைத்திருக்கிறார். கட்டினவர் பெயர் ஊருக்கே நின்றுவிட்டது. அங்கே உலை வைத்தவர், தண்ணீர் சேந்தி ஊற்றியவர் யாரென்று கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். அது இயல்புதான், குறையாகச் சொல்லவில்லை.

ஊருக்குப் போனால் பெரியவர்கள் கேட்பார்கள். "என்னப்பா, ஆஸ்பத்திரில என்னா வேலை?" "ஆபரேஷன் தியேட்டர்ல மாமா, மயக்க மருந்து டாக்டர் கூட." "ஓ, மயக்க ஊசி போடறியா?" "நான் போடறதில்ல மாமா, டாக்டர் போடுவாரு." "அப்ப நீ இன்னாதான் பண்ணுவ?" நியாயமான கேள்வி. ஒரு வரியில் பதில் சொல்ல முடிந்ததில்லை. பழைய கதைகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தது இந்தக் கேள்வியால்தான்.

மயக்க மருந்துக்கும் இதயத்துக்கும் உள்ள வழக்கு, இதயத்தை யாரும் திறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் மார்ட்டன் ஈத்தர் கொடுத்துக் காட்டினார். அடுத்த மார்ச்சிலேயே அது கல்கத்தாவுக்கு வந்துவிட்டது. 1847 நவம்பரில் எடின்பரோவில் சிம்ப்சன் குளோரோஃபார்மைக் கொண்டுவந்தார். ஈத்தர் போலத் தீப்பிடிக்காது, வாசனை இனிப்பு, சீக்கிரம் வேலை செய்யும். மூன்று மாதம்கூட ஆகவில்லை, 1848 ஜனவரி 28 அன்று நியூகாசில் அருகே ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண் குளோரோஃபார்ம் கொடுத்த சில நிமிடங்களில் இறந்துபோனாள். அவளுக்குச் செய்யவிருந்தது கால்விரல் நகம் ஒன்றை எடுக்கிற சின்ன வேலை.

ஏன் இறந்தாள்? மூச்சு நின்று இறந்தாளா, இதயம் நின்று இறந்தாளா? மருத்துவ உலகம் இந்தக் கேள்வியில் அறுபது வருடம் சண்டை போட்டது. சண்டையின் பெரிய களம் நம் பக்கம்தான், ஹைதராபாத். அங்கே எட்வர்ட் லாரி என்ற அறுவை மருத்துவர் எடின்பரோ பள்ளிக்காரர். மூச்சைப் பார்த்துக்கொண்டால் போதும், நாடியைப் பார்க்கத் தேவையில்லை என்ற கட்சி. நிஜாமின் பணத்தில் 1888இலும் 1889இலும் இரண்டு குளோரோஃபார்ம் கமிஷன்கள் அமைந்தன. இரண்டாவதற்கு லண்டனிலிருந்து லாடர் பிரண்டன் வந்தார். நூற்றுக்கணக்கான நாய்கள் மேலும் குரங்குகள் மேலும் சோதனை நடந்தது. மூச்சுதான் முதலில் நிற்கிறது, இதயம் பிறகுதான் என்பது தீர்ப்பு. அந்த ஹைதராபாத் மருத்துவப் பள்ளியில் படித்து அந்தக் காலத்திலேயே குளோரோஃபார்ம் கொடுத்த ரூபாபாய் ஃபர்தூன்ஜியை உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர் என்று சொல்கிறார்கள்.

தீர்ப்பு பாதிதான் சரி. 1911இல் குட்மேன் லீவி பூனைகளை வைத்துக் காட்டினார். மயக்கம் ஆழமாக இருக்கும்போது அல்ல, மேலோட்டமாக இருக்கும்போது, பயமும் அட்ரினலினும் ஏறியிருக்கும் நேரத்தில், குளோரோஃபார்ம் இதயத்தைத் திடீரென்று துடிதுடிக்க வைத்து நிறுத்திவிடும். மூச்சை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது. எங்களுக்கு முதல் வருடத்தில் சீனியர் சொல்லிக்கொடுத்தது: "மானிட்டர் பாத்துக்கோ, ஆனா ஒரு விரல் நாடியில இருக்கட்டும்." அந்த ஒரு விரலுக்குப் பின்னால் இத்தனை உயிர்கள் இருக்கின்றன என்று அப்போது எனக்குத் தெரியாது.

அந்த நாட்களில் மயக்கம் கொடுப்பது, எந்த நாட்டிலும், கையில் வேலையில்லாத இளையவரிடம் தள்ளிவிடப்பட்ட வேலை. மாணவர், நர்ஸ், கம்பவுண்டர் யாராவது இருப்பார். இதயத்தின் கதையில் அதனாலேயே டாக்டர் அல்லாதவர்கள் தொடக்கத்திலிருந்தே இருக்கிறார்கள்.

நெஞ்சைத் திறந்தால் நுரையீரல் சுருங்கிவிடும், நோயாளி தானாக மூச்சு விட முடியாது. தொண்டை வழியாகக் குழாய் விட்டுக் காற்றை அழுத்திக் கொடுக்கிற வித்தை கைவராமல் இதயத்தின் பக்கமே போக முடியாது. முதல் உலகப் போரில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்காக மேகில் அந்தக் குழாயைச் செம்மைப்படுத்தினார். குழாயைச் சுற்றிச் சின்ன பலூன் வைத்து மூச்சுக்குழாயை அடைக்கலாம் என்பதை 1928 வாக்கில் கெடல் காட்டிய விதம் எனக்குப் பிடித்தது. தன் நாய்க்கே மயக்கம் கொடுத்து, குழாய் விட்டு, பலூனை ஊதி, தண்ணீர்த் தொட்டியில் முக்கிவைத்தார். நாய் சாகவில்லை, எழுந்து உதறிக்கொண்டு போய்விட்டது. இன்று நான் சிரிஞ்சால் ஊதிப் பார்க்கிற ஒவ்வொரு குழாயின் பலூனும் அந்த நாயின் வம்சம்.

1938 ஆகஸ்ட் 26 அன்று பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் ராபர்ட் கிராஸ், பிறந்தவுடன் மூட வேண்டிய ஒரு ரத்தக்குழாய் மூடாமல் இருந்த ஏழு வயதுச் சிறுமிக்கு அதைக் கட்டி மூடினார். பிறவி இதயக் கோளாறுகளுக்கான அறுவை இங்கிருந்துதான் தொடங்கியது என்பார்கள். அந்தச் சிறுமிக்கு மயக்கம் கொடுத்தவர் பெட்டி லேங்க் என்கிற நர்ஸ். கிராஸின் பெயர் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. லேங்க்கைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

1944 நவம்பர் 29, பால்டிமோர். நீலம் பாரித்த குழந்தை ஐலீன் சாக்ஸனுக்கு பிளாலாக் அறுவை செய்கிறார். அவர் தோளுக்குப் பின்னால் ஒரு முக்காலிமேல் நிற்கிறார் விவியன் தாமஸ், கறுப்பினத்தவர், ஆய்வகத் தொழில்நுட்பர், கல்லூரிப் படிப்பில்லாதவர். அந்த அறுவையை நாய்கள் மேல் செய்து செய்து முறைப்படுத்தியவர் அவர். தையல் எந்தப் பக்கமாகப் போக வேண்டும் என்று பிளாலாக் திரும்பித் திரும்பி அவரைக் கேட்டிருக்கிறார். முந்தைய வேலையிடத்தில் அவருக்குத் துப்புரவுப் பணியாளர் நிலையில்தான் சம்பளம் போட்டார்கள். 1976இல் கௌரவ டாக்டர் பட்டம் வந்தது. அதற்குள் முப்பத்திரண்டு வருடம் ஓடிவிட்டது.

இதய–நுரையீரல் இயந்திரத்துக்கும் ஒரு டெக்னீஷியன் உண்டு. ஜான் கிப்பனின் மனைவி மேரி, வீட்டில் மேலி என்பார்கள். கல்யாணத்துக்கு முன்பே அதே ஆய்வகத்தில் தொழில்நுட்பர். 1930களில் சோதனைக்குப் பூனைகள் போதாமல், கிப்பன் இரவில் சூரைமீன் துண்டும் சாக்குப்பையும் எடுத்துக்கொண்டு பாஸ்டன் தெருக்களில் பூனை பிடித்திருக்கிறார். பிடித்த பூனைக்கு மயக்கம் கொடுப்பது, குழாய் இணைப்பது, இயந்திரத்தைக் கழுவுவது என்று நாள் முழுக்க இருவரும் சேர்ந்தே செய்தார்கள். 1953 மே 6 அன்று பிலடெல்பியாவில் அந்த இயந்திரம் முதல்முறையாக வெற்றிகரமாக ஒரு மனித உயிரைத் தாங்கியது. நோயாளி 18 வயதுப் பெண், பிழைத்துக்கொண்டார்.

நம்மிடம் வேலூர். 1949இல் அமெரிக்கரான ரீவ் பெட்ஸ் சி.எம்.சி.யில் நெஞ்சு அறுவைத் துறையைத் தொடங்கினார். காசநோயும், வாதக் காய்ச்சலால் சுருங்கிப்போன மைட்ரல் வால்வும் அன்றைய பெரிய வேலைகள். அந்த வால்வு நோய் ஏழை வீட்டு நோய். குறுகலான வீடு, கவனிக்காமல் விட்ட தொண்டை வலி, பத்து வருடம் கழித்து மாடி ஏற முடியாத இருபது வயதுப் பெண். துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தின் மேலறையில் ஓட்டை போட்டு, விரலை உள்ளே விட்டு, கண்ணால் பார்க்காமல் வால்வைப் பிளந்துவிடுவார்கள். இயந்திரம் வேண்டாம், செலவு குறைவு. நம் நாட்டில் இது பல பத்தாண்டுகள் ஓடியது. விரல் உள்ளே இருக்கிற அந்தச் சில வினாடிகள் வழியை அடைத்துக்கொண்டிருப்பது அந்த விரல்தான், ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கும். தலைமாட்டில் இருக்கிறவர் நாடியைப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சொல்ல வேண்டும். பல்ஸ் ஆக்ஸிமீட்டரின் அடிப்படையை ஜப்பானில் அவோயாகி கண்டதே 1970களில்தான். அதற்கு முன் ஆக்ஸிஜன் குறைவதைக் காட்டியது உதட்டின் நிறமும் காயத்தில் கசியும் ரத்தத்தின் நிறமும்தான்.

1961இல் டாக்டர் கோபிநாத் தலைமையில் இயந்திரம் வைத்து இதயத்தைத் திறந்து செய்ததை இந்தியாவின் முதல் வெற்றிகரமான திறந்த இதய அறுவை என்று சி.எம்.சி. சொல்கிறது. பம்பாய்க்காரர்களுக்கும் அந்த முதலிடத்தில் உரிமை உண்டு என்பார்கள். அந்தப் பஞ்சாயத்து நமக்கு வேண்டாம். எனக்குச் சுவையானது வேறு. 1960 ஏப்ரல் 1 அன்றுதான் திருத்தணி ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தது. மறுவருடம் பக்கத்து ஜில்லாவில் இதயத்தைத் திறக்கிறார்கள். எங்கள் பக்கத்துப் பாட்டிகள் 'ராயவேலூர் ஆஸ்பத்திரி' என்று சொல்லும்போது குரலில் ஒரு கோயில் மரியாதை இருக்கும். 1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸ் அறுவையைச் செய்தார். திருத்தணியிலிருந்து ரயிலில் சென்னை போகிறவர்கள் பெரம்பூரைத் தாண்டித்தான் போகிறோம்.

இந்த அரங்குகளில் டாக்டர்களோடு நின்ற உதவியாளர்களுக்கு அப்போது பதவிப் பெயர்கூட நிலையாக இல்லை. தியேட்டர் பாய், அட்டெண்டர், அசிஸ்டென்ட் என்று கூப்பிட்டபடி. படிப்பு வந்தது பிற்பாடு.

சரி, மாமா கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

காலை ஆறரைக்கு, டாக்டர் வருவதற்கு முன்னால், மயக்க மருந்து மெஷினை நான் திறந்துவிடுவேன். சுவர்க் குழாயில் ஆக்ஸிஜன் அழுத்தம், அது நின்றால் கை கொடுக்கிற சிலிண்டரில் எவ்வளவு மிச்சம், சர்க்யூட்டில் கசிவு உண்டா, கரியமில வாயுவை உறிஞ்சுகிற சோடா லைம் நிறம் மாறிவிட்டதா, வேப்பரைசரில் மருந்து நிரம்பியிருக்கிறதா. லாரிங்கோஸ்கோப் பல்பு எரிகிறதா. குழாய் மூன்று அளவில். சக்‌ஷன் இழுக்கிறதா. இதெல்லாம் எந்த ஆபரேஷனுக்கும் உண்டு.

இதயத்துக்கு என்று தனியாக உள்ளது ட்ரான்ஸ்டூசர். மணிக்கட்டு ரத்தக்குழாயில் டாக்டர் ஊசி ஏற்றுவார். அதிலிருந்து வரும் அலையை எண்ணாக்கி மானிட்டரில் காட்டுகிற சின்னப் பெட்டி இது. சலைன் பையை 300 மில்லிமீட்டர் அழுத்தத்தில் இறுக்கி, லைனில் ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாமல் ஓட்டி, நோயாளியின் இதயத்தின் மட்டத்துக்குப் பெட்டியை வைத்து, காற்றுக்குத் திறந்து பூஜ்யம் வைக்க வேண்டும். பெட்டி பத்து சென்டிமீட்டர் கீழே தொங்கினால் மானிட்டர் ஏழெட்டு மில்லிமீட்டர் கூடுதலாகக் காட்டும். அழுத்தம் 60 என்று எல்லாரும் நிம்மதியாக இருப்பார்கள், உண்மையில் 52 இருக்கும். மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் அந்த வித்தியாசம் பெரிசு. நடுவில் சர்ஜன் "தலைப்பக்கம் இறக்குங்க" என்பார். டேபிள் சாயும், பெட்டி அதே இடத்தில் நிற்கும். அப்போது அதை நகர்த்த ஒருத்தன் அங்கே இருக்க வேண்டும். யாரும் சொல்ல மாட்டார்கள், அவனாகச் செய்ய வேண்டும்.

நெஞ்செலும்பை ரம்பத்தால் பிளக்கிற நேரம் நுரையீரல் விரிந்திருக்கக் கூடாது. "லங்ஸ் டவுன்" என்றதும் சர்க்யூட்டைக் கழற்றுவோம். ரம்பச் சத்தம் நின்றதும் மாட்டுவோம். மாட்ட மறந்த கதைகள் உலகம் முழுக்க உண்டு. அதனால்தான் "மாட்டியாச்சு" என்று வாய்விட்டுச் சொல்வது.

பிறகு ஹெப்பாரின். 1916இல் ஜே மக்லீன் என்ற மருத்துவ மாணவர் ரத்தம் உறைய வைக்கிற பொருளைத் தேடப் போய், உறையாமல் வைக்கிற பொருளைக் கண்டார். அதன் வழியில் வந்ததுதான் இது. உடல் எடையில் கிலோவுக்கு 300 முதல் 400 யூனிட். டாக்டர் மருந்தைக் கொடுப்பார். சில நிமிடம் கழித்து ரத்தம் எடுத்து ஏ.சி.டி. மெஷினில் போட்டு, உறைய எத்தனை வினாடி ஆகிறது என்று பார்ப்பது நான். சாதாரணமாக நூறு சொச்சம் இருக்கும். 480ஐத் தாண்டினால்தான் பம்ப் ஓடலாம் என்பது எங்கள் அரங்கின் கணக்கு. முன்கூட்டி ஓடினால் இயந்திரத்துக்குள்ளேயே ரத்தம் கட்டிவிடும், அதற்குமேல் செய்ய ஒன்றும் இருக்காது. சர்ஜன், பெர்ஃப்யூஷனிஸ்ட், மயக்க மருத்துவர் எல்லாரும் என் பக்கம் திரும்பி "ஏ.சி.டி. எவ்ளோ?" என்பார்கள். ஒரு நாளில் அத்தனை பேரும் என் வாயைப் பார்க்கிற நேரம் அது ஒன்றுதான்.

பம்ப் ஓட ஆரம்பித்ததும் வென்டிலேட்டரை நிறுத்திவிடுவோம். மூச்சுச் சத்தம் இல்லை, கொஞ்ச நேரத்தில் இதயமும் நிற்கும், மானிட்டரில் நேர்கோடு. புதிதாக வருகிற பையன்கள் இந்த இடத்தில் வெளிறிப்போவார்கள். அலாரம் அலறிக்கொண்டே இருக்கும் என்பதால் அமுக்கி வைத்திருப்போம். ஆபத்தும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. வால்வு தைத்து முடிந்து, உடம்பு சூடேறி, இதயம் மறுபடி துடித்து, பம்பிலிருந்து இறக்குகிற பரபரப்பில் வென்டிலேட்டரை யாராவது மறுபடி போட வேண்டும், அமுக்கின அலாரத்தை எடுத்துவிட வேண்டும். எங்கள் அரங்கில் "வென்டிலேட்டர் ஆன்" என்று மூன்று பேர் மூன்று தடவை சொல்வது வழக்கம். வேடிக்கையாக இருக்கும், ஆனால் யாரும் சிரித்ததில்லை. இதற்குள் அட்ரினலின், நார் அட்ரினலின் பம்புகள் பெயர்ச்சீட்டோடு வரிசையாக நிற்க வேண்டும். இதயத்தின் மேலேயே வைக்கிற டிஃபிப்ரிலேட்டர் கரண்டிகள், பேஸ்மேக்கர் பெட்டிக்குப் புது பாட்டரி. கடைசியில் புரோட்டமின், ஹெப்பாரினை முறிப்பது. வேகமாகப் போனால் அழுத்தம் விழும். டாக்டர் சொட்டுச் சொட்டாகக் கொடுப்பார், நான் அழுத்தத்தை ஒவ்வொரு எண்ணாகப் படிப்பேன்.

எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத வேலை ஒன்று உண்டு. எங்கள் அரங்குக்கு நகரி, புத்தூர், சித்தூர் பக்கத்திலிருந்து நிறையப் பேர் வருவார்கள். எங்கள் ஊரில் தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் புழங்கும். டேபிளில் படுத்துக் கூரை விளக்கைப் பார்த்து நடுங்குகிற அம்மாவிடம் "பயப்படொத்தும்மா, நேனு இக்கடே உன்டானு" என்பேன். பயப்படாதீங்க, நான் இங்கேதான் இருப்பேன். மானிட்டரில் 130 ஓடிக்கொண்டிருந்த துடிப்பு 105க்கு இறங்குவதை டாக்டர் பார்ப்பார். லீவியின் பூனைகளை நினைத்தால் அது சின்ன விஷயமில்லை.

இவ்வளவுதான் மாமா நான் பண்ணறது. அறுவை செய்வதில்லை, மருந்தைத் தீர்மானிப்பதில்லை. இதைச் சரியான அளவில் சொல்ல வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. காரணம் ஹாமில்டன் நாகி.

தென்னாப்பிரிக்கர், கறுப்பினத்தவர், கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் தோட்டக்காரர். 1954இல் ராபர்ட் கோட்ஸ் என்ற ஆய்வாளருக்கு ஒரு ஒட்டகச்சிவிங்கியைப் பிடித்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது, நாகியைக் கூப்பிட்டார்கள். அப்படியே ஆய்வகத்தில் தங்கி விலங்குகளுக்கு மயக்கம் கொடுக்கக் கற்றார், பிறகு தைக்க, பிறகு உறுப்பு மாற்ற. இளம் டாக்டர்களுக்கு அவரே சொல்லிக்கொடுத்தார். 1991இல் ஓய்வு பெற்றபோது கிடைத்தது தோட்டக்காரர் பென்ஷன். 2003இல் பல்கலைக்கழகம் கௌரவ முதுகலைப் பட்டம் கொடுத்தது. 2005 மே மாதம் இறந்தார்.

இறந்தபின்தான் கதை வளர்ந்தது. 1967 டிசம்பர் 3 அன்று கிறிஸ்டியான் பர்னார்ட் செய்த உலகின் முதல் மனித இதய மாற்றில், இதயம் கொடுத்த பெண்ணின் உடலிலிருந்து அதை எடுத்தவரே நாகிதான், நிறவெறி அரசு மறைத்துவிட்டது என்று பெரிய பத்திரிகைகள் அஞ்சலி எழுதின. பிறகு விசாரித்தால், அவர் அன்று அந்த அரங்கிலேயே இல்லை. பத்திரிகைகள் திருத்தம் போட்டன. அந்த மறுப்பைப் படித்த பலருக்கு நாகியே ஒரு கட்டுக்கதை என்று ஆகிவிட்டது. முதலில் ஒன்றும் தராமல் வைத்தார்கள், அப்புறம் அவர் செய்யாததைத் தந்தார்கள், கடைசியில் அவர் செய்ததும் சேர்ந்து கரைந்தது. மயக்கம் கொடுக்கப்பட்ட அத்தனை விலங்குகளும், அவரிடம் தையல் கற்ற அத்தனை டாக்டர்களும் நிஜம். அது போதாதென்று நினைத்தது எழுதினவர்களின் கோளாறு.

இந்தியாவில் 2021இல் துணைமருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தது. அதன் அட்டவணையில் மயக்கவியல் உதவியாளர்களும் தொழில்நுட்பர்களும் இருக்கிறார்கள். ஆள் இருந்து அறுபது வருடத்துக்குமேல் ஆன பிறகு சட்டத்தில் பெயர். நான் பார்த்த அறுவைக் குறிப்புத் தாள்களில் சர்ஜன், உதவி சர்ஜன், மயக்க மருத்துவர், பெர்ஃப்யூஷனிஸ்ட், நர்ஸ் எல்லாருக்கும் கட்டம் உண்டு, எங்களுக்குக் கிடையாது. காலையில் மெஷின் பார்த்ததற்கான செக்லிஸ்டில் மட்டும் ஒரு சுருக்கொப்பம் போடுவோம். கொஞ்ச நாளில் அந்தத் தாளும் பழைய பேப்பரோடு போய்விடும்.

இப்போது ஒரு கல்லூரியில் டெக்னீஷியன் படிக்கிற பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். பாதிப் பேர் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள், திருவாலங்காடு, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை. நாகி கதையைச் சொன்னதும் ஒரு பெண் கேட்டாள். "அப்ப அவரு இதயத்தத் தொடவே இல்லியா சார்?"

"தொட்டாரும்மா. நாய்களோடது. நெறைய."

அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் ட்ரான்ஸ்டூசரை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.